மிஷனரி வீட்டுப் பிள்ளைகள்

மிஷனரிகளைப் பத்தி நம்ம ஊரில் எழுதறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவங்க எல்லாரும் தியாகச் சுடர். இன்னொரு கட்சிக்கு எல்லாரும் வெள்ளைக்காரன் அனுப்பின ஏஜெண்ட். ரெண்டு பேரும் எழுதாம விடற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு: வீடு. பேரே தெரியாத ஊருக்கு வந்து இறங்கின அந்த மனுஷங்க எப்படிக் குடித்தனம் பண்ணினாங்க, எதுக்குச் சிரிச்சாங்க, எதுக்கு அழுதாங்க? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். மதமாற்றம் சரியா தப்பான்னு சண்டை போட வேற இடங்கள் நிறைய இருக்கு மக்களே, இங்க வேணாம் :-)

இந்த யோசனை வந்ததுக்குக் காரணம் எங்கள் பருத்திப்பட்டில் ரெண்டு வீடு தள்ளி இருக்கிற ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரரின் தங்கையும் அவர் கணவரும் ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் மிஷனரிகள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணன் வீட்டுக்கு வருவாங்க. பாஷை, சாப்பாடு, சாமி, சட்டதிட்டம் எல்லாமே வேறயா இருக்கிற இடம், நம்மைப் பொறுத்தவரை அதுவும் வெளிநாடுதான். ஒரு நாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அந்தம்மாவிடம் கேட்டேன்: "அங்க எதும்மா ரொம்பக் கஷ்டம்? மலேரியாவா, பாஷையா, சாப்பாடா?"

"அதெல்லாம் பழகிரும்ணே. பாஷை வந்துட்டா அந்த ஊர்ப் பொம்பளைங்க நம்மளக் கிண்டல் பண்ணுறது புரியும் பாருங்க, அதுவே ஒரு சந்தோசம். லீவு முடிஞ்சு பிள்ளைங்கள ஹாஸ்டல்ல விட்டுட்டுத் திரும்புற நாளு இருக்கே... அது மட்டும் பத்து வருசமாப் பழகல."

இந்தப் பதிலை ஏற்கெனவே எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்தது இருநூறு வருஷத்துக்கு முந்தைய கதை. இடம் யாழ்ப்பாணமும் சென்னையும். ஆட்கள் அமெரிக்காவிலிருந்து வந்த சில குடும்பங்கள்.

கூரையில்லாத கோயில்கள்

அமெரிக்காவில் மிஷனரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1810ல் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சுருக்கமா அமெரிக்கன் போர்டு. 1812ல் அவங்க அனுப்பின முதல் ஆட்கள் கல்கத்தாவில் வந்து இறங்கினபோது கிழக்கிந்தியக் கம்பெனி அவங்களை இருக்கவிடவில்லை. அந்த வருஷம் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டையே மூண்டுவிட்டது. ஆனால் இலங்கை கம்பெனியின் கையில் இல்லை, நேராக பிரிட்டிஷ் அரசின் கீழ் இருந்தது. அங்கே கவர்னர் பிரவுன்ரிக் இடம் கொடுத்தார். 1816ல் டேனியல் பூர், வாரன் ஆகியோர் தெல்லிப்பழையிலும், மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். கிடைத்தவை போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துப் பழைய கோயில்களும் பாதிரியார் வீடுகளும். பாதி இடிந்து, கூரை போனவை. பிரசங்கம் அப்புறம், முதலில் கொத்தனார் வேலை.

1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து அடுத்த குழு கப்பல் ஏறியது. மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹேரியட்டும், டாக்டர் ஜான் ஸ்கடரும் அவர் மனைவி (அவர் பேரும் ஹேரியட்தான், குழப்பிக்காதீங்க), கூடவே ஸ்பால்டிங், வுட்வர்ட் தம்பதிகள். ஸ்கடரின் கைக்குழந்தை வழியில் கல்கத்தாவிலேயே இறந்துபோனது. வின்ஸ்லோ குடும்பம் உடுவிலுக்கும் ஸ்கடர் குடும்பம் பண்டத்தரிப்புக்கும் போனது.

1820ல் புதுப் பிரச்சினை. அடுத்து அதிகாரத்துக்கு வந்த எட்வர்ட் பார்ன்ஸ், இனி புது அமெரிக்க மிஷனரி யாரும் இலங்கைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அச்சு வேலைக்கு வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இருக்கிறவர்கள் இருக்கலாம், ஆனால் துணைக்கு இன்னொரு ஆள் வர முடியாது. பத்து வருஷத்துக்கு மேல் இதே கதி. யாராவது செத்தால் அந்த வேலையும் இருக்கிறவர் தலையில்.

அன்றாடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது கடிதம்தான். பாய்மரக் கப்பலில் ஒரு கடிதம் அமெரிக்கா போய்ச் சேர ஐந்தாறு மாதம். பதில் வர இன்னொரு ஐந்தாறு மாதம். "அம்மா எப்படி இருக்கிறாள்?" என்று எழுதினால், பதில் வரும்போது அது ஆறு மாதத்துக்கு முந்தைய அம்மா. வாட்ஸப்பில் ரெண்டு நீல டிக் வரலைன்னா பதறுகிற நாம இதை முழுசாகப் புரிஞ்சுக்க முடியாது.

சந்தோஷங்களும் இருந்தன. கடிதப்பை வருகிற நாள் ஒண்ணு. மாதக்கணக்கில் தடுமாறி, ஒரு நாள் தமிழில் சொன்னது எதிராளிக்குப் புரிகிற நாள் இன்னொண்ணு. 1823ல் ஆரம்பித்த வட்டுக்கோட்டை செமினரியில் கணக்கும் வானசாஸ்திரமும் தமிழ் இலக்கியமும் படித்து பையன்கள் தேறிய வேகம் இன்னொண்ணு. சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இந்த ரெண்டு பேரும். உடுவிலில் 1824ல் ஹேரியட் வின்ஸ்லோ பெண்களுக்காக ஒரு போர்டிங் ஸ்கூல் தொடங்கினார். பொம்பளைப் பிள்ளைக்கு எழுத்து எதுக்கு என்று ஊரே கேட்ட காலம். படித்து முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்குச் சீதனமும் மிஷனே கொடுத்தது. அந்தப் பள்ளிக்கு 1840ல் வந்து சேர்ந்த எலைசா ஆக்னியூ கல்யாணம் பண்ணிக்கவில்லை. 1883ல் இறக்கும் வரை ஒரு தடவைகூட ஊருக்குப் போகவும் இல்லை. அம்மா, மகள், பேத்தி என்று மூணு தலைமுறைக்குப் பாடம் சொன்னார். அந்த வேலையில் சந்தோஷம் இல்லாமல் 43 வருஷம் ஒருத்தர் சொந்த ஊருக்கே போகாமல் இருக்க முடியுமா?

சார்லஸ்

குடும்பமாக வந்தவர்களுக்கு இப்படி முடியவில்லை. காரணம் குழந்தைகள்.

குழந்தைகள் ஆயாவிடம் வளர்ந்து தமிழைத் தாய்மொழி மாதிரியே பேசின. அப்பா அம்மா தட்டுத்தடுமாறிப் பேசுகிற பாஷையை இவங்க தெருப் பிள்ளைகளோடு விளையாடியே பிடித்துக்கொண்டார்கள். வயசு ஏற ஏறப் பெற்றோருக்குப் பயம். அமெரிக்கப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளிக்கூடம் இல்லை. நாளைக்கு என்ன வேலைக்குப் போவான்? யாரைக் கல்யாணம் பண்ணுவான்? தாய்க்கும் தகப்பனுக்கும் நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளோடு வேலை, சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. கூடவே காலரா. கடைசியில் அவங்க கண்ட வழி, பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. திரும்பப் பார்ப்போமா என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது.

வின்ஸ்லோவின் மகன் சார்லஸ் உடுவிலில் 1821 ஜனவரியில் பிறந்தவன். அவனையும் அப்படித்தான் அனுப்பினார்கள். 'ஊருக்குப் போறான்' என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். யோசித்துப் பாருங்க, அவனுக்கு எது ஊர்? பனைமரமும் கிணறும் உள்ள உடுவில்தான் ஊர். அமெரிக்கா அவன் பார்த்தே இராத வெளிநாடு. போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே, 1832 மே 24 அன்று, நியூயார்க்கில் இறந்துபோனான். வயசு பதினொண்ணு. எட்டு மாதத்துக்குள், 1833 ஜனவரியில், அம்மா ஹேரியட் யாழ்ப்பாணத்தில் இறந்தார். மகன் ஒரு கண்டத்தில், தாய் ஒரு தீவில்.

ஹேரியட்டின் வாழ்க்கையை வின்ஸ்லோ புத்தகமாக எழுதி 1835ல் வெளியிட்டார். சார்லஸைப் பற்றியும் ஒரு சின்னப் புத்தகம் அமெரிக்காவில் சிறுவர்களுக்காக வந்தது. நல்ல பிள்ளைக்கு உதாரணமாக அவனை வைத்தார்கள். அந்தப் பதினொரு வயசுப் பையனை யாராவது "உனக்குப் போக இஷ்டமா?" என்று கேட்டார்களா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் மீறி ஹேரியட்டின் மூன்று தங்கைகளும் மிஷனரி மனைவிகளாக யாழ்ப்பாணத்துக்கே வந்தார்கள். கனெக்டிகட்டில் நார்விச் என்ற ஊரைச் சேர்ந்த லேத்ராப் வீட்டுப் பெண்கள் நாலு பேரும் நம்ம பக்கம்! அதில் ஒரு தங்கையும் அவர் கணவர் பெர்ரியும் காலராவில் இறந்தார்கள்.

இன்னொரு பக்கத்துப் பிள்ளைகள்

இங்கே ஒரு கேள்வி கேட்காவிட்டால் கதை பாதிதான். தன் பிள்ளையைப் பிரிந்து அழுதவர்கள், அதே சமயம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கள் போர்டிங்கில் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்காவில் யாராவது ஒரு புண்ணியவான் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவர் சொன்ன பேர் வைப்பார்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நாம் படிக்கிற பேர்களில் முன்பாதி அப்படி வந்தது. பையன் வட்டுக்கோட்டையில், பேர் மாசசூசெட்சில்.

படிப்பு கிடைத்தது, சோறு கிடைத்தது, பின்னால் நல்ல உத்தியோகமும் கிடைத்தது. அதனால் பெற்றோர் அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் அம்மா கூப்பிட்ட பேரை ஒரு தூரதேசத்துச் சீமான் ரசீது மாதிரி மாற்றிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? பலர் பெரியவர்களான பின் சைவத்துக்குத் திரும்பினார்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை பிற்காலத்தில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்குச் சைவப் பள்ளிக்கூடம் என்று கிளம்பியதன் நியாயம் இந்தப் பேர்களைப் பார்த்தாலே புரியும். விசேஷம் என்னவென்றால், நெவின்ஸ் என்ற முன்பேரை மட்டும் அவர் குடும்பம் விடவில்லை. அவர் மகனும் நெவின்ஸ் செல்வதுரைதான். பிடுங்கி நட்டது வேர்விட்டால் அதுவும் சொந்தமாகிவிடும் போல.

ஐஸும் அகராதியும்

1836ல் வின்ஸ்லோவும் ஸ்கடரும் சென்னைக்கு வந்து புது மிஷன் தொடங்கினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் இன்று சியோன் ஆலயம் என்று இருப்பது அமெரிக்கன் மிஷன் கட்டியதுதான். 1840களில் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து மெரினா ஐஸ் ஹவுஸில் இறங்கியது, நமக்கெல்லாம் தெரிந்த கதை. வெள்ளைக்கார துரைகளுக்கு அது சொகுசு. பாஸ்டனில் கப்பலேறி வந்தவர்களுக்கு அது ஊர்த் தண்ணி. இது என் கற்பனைதான், ஆனால் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வின்ஸ்லோ ஒரு நிமிஷமாவது சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

அவர் வீட்டுக் கணக்கு மோசம். ஹேரியட்டுக்குப் பிறகு மூன்று முறை கல்யாணம் பண்ணி அந்த மூன்று மனைவிகளையும் இழந்தார். ஐந்தாவதாக ஒரு கல்யாணம். இதுக்கு நடுவில் ஒரு பெரிய வேலை. ஜோசப் நைட் என்ற ஆங்கிலேய மிஷனரி யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து, பாதியில் இறந்துபோய் நின்ற தமிழ் அகராதி வேலையைக் கையில் எடுத்து, தமிழ்ப் பண்டிதர்களின் துணையோடு முடித்தார். 1862ல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தபோது அதில் 67,000 சொல்லுக்கு மேல். அச்சகத்தை நடத்திய ஹண்ட் வார்த்த சின்னத் தமிழ் எழுத்துகளால்தான் அத்தனையும் ஒரே புத்தகத்தில் அடங்கியது. இன்றும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் வின்ஸ்லோ அகராதியில் சொல் தேடலாம், நம்மில் பலர் தேடியும் இருப்போம்.

அகராதி முடிந்த ரெண்டு வருஷத்தில், 1864ல், ஊருக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. தென்னாப்பிரிக்கா கேப்டவுனில் இறந்தார். 1855ல் ஸ்கடர் இறந்ததும் அதே கேப் பகுதியில். 1818ல் யாழ்ப்பாணத்தின் முதல் குழுவைச் சேர்ந்த வாரன் இறந்ததும் அங்கேதான். மூணு பேர், வந்த ஊரிலும் இல்லாமல் பிறந்த ஊரிலும் இல்லாமல், கப்பல் பாதையின் நடுவில்.

திரும்பி வந்தவர்கள்

அனுப்பப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இதுதான் எனக்கு ஆச்சரியமான பகுதி.

பண்டத்தரிப்பில் 1822ல் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடரைச் சின்ன வயசிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1844ல் திரும்பி வந்தார். 1853ல் சகோதரர்களோடு ஆற்காடு மிஷனைத் தொடங்கினார். ஜான் ஸ்கடரின் பிள்ளைகளில் ஏழு ஆண்கள் இங்கேயே மிஷனரிகளாக வந்தார்கள்.

அந்தக் குடும்பத்தின் பேத்தி ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பிவிட, சிகாகோவில் சொந்தக்காரர் வீட்டில் விடப்பட்ட பெண். தான் மட்டும் மிஷனரி ஆகவே கூடாது என்று உறுதியாக இருந்தார், கோபம் இருக்கத்தானே செய்யும்? அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திண்டிவனம் வந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு வந்து கூப்பிட்டதும், ஆண் டாக்டரை அனுமதிக்க முடியாததால் மூன்று பெண்களும் இறந்ததும் நமக்குத் தெரிந்த கதை. எங்கள் ஏரியாவில் யாருக்காவது பெரிய வியாதி என்றால், பூந்தமல்லி போய் வேலூர் பஸ் பிடித்து சி.எம்.சி. போவது இன்றும் வழக்கம். அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சிகாகோவில் அழுத ஒரு பெண் இருக்கிறாள்.

இன்னொருத்தர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். மதுரையில் மிஷனரிக்குப் பிறந்த பிள்ளை. பின்னால் மிஷனரியாகவே மதுரைக்குத் திரும்பினார். வின்ஸ்லோ அகராதியைப் புதுப்பிக்கும் திட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனாக வளர்ந்தபோது அதன் முதல் ஆசிரியர் இவர்தான். பிறந்த ஊர் பாஷையின் சொற்களை எண்ணிக்கொண்டே வயசான மனுஷர்.

கடைசியாக ஒன்று, அமெரிக்காவில் இருக்கிற நம்ம பதிவர்களுக்கு. வின்ஸ்லோவுக்கு உடுவிலில் 1829ல் பிறந்த மகள், அம்மா பேரையே கொண்ட ஹேரியட். சென்னையில் மிஷனரியாக இருந்த ஜான் வெல்ஷ் டல்லஸைக் கல்யாணம் பண்ணினார். அவங்க பேரன் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு மந்திரி. அவர் தம்பி ஆலன் சி.ஐ.ஏ. தலைவர். வாஷிங்டன் டல்லஸ் ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் க்யூவில் நிற்கும்போது நினைச்சுக்கோங்க, அந்தப் பேருக்குச் சொந்தக்காரரின் பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவங்க.

மலைமேல் ஒரு பள்ளிக்கூடம்

பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல் வைத்துக்கொள்ள வழி தேடியவர்களும் உண்டு. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் நோய்க்கும் தப்ப 1845ல் பழனி மலைமேல் ரெண்டு வீடு கட்டினார்கள். அதுதான் கொடைக்கானல் ஊரின் ஆரம்பம். 1901ல் அங்கே மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே ஹைக்ளர்க் என்ற பள்ளி வந்தது. இன்றைய கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூல். நாம தேனிலவுக்கும் பைன் மரத்தடி போட்டோவுக்கும் போகிற ஊருக்கு இப்படியும் ஒரு வேர் இருக்கு. கடல் ஒரு மலையாகச் சுருங்கியது. அவ்வளவுதான், பிரிவு போகவில்லை.

காலம் மாறி நம்ம ஆட்களே மிஷனரிகளாகக் கிளம்பினார்கள். 1903ல் திருநெல்வேலியில் வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பித்து, தெலுங்கு பேசுகிற டோர்ணக்கல் பக்கம் ஆட்களை அனுப்பினார்கள். தமிழர்கள் உட்கார்ந்து தெலுங்கு எழுத்து பழகினார்கள். பின்னால் வந்த ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் வடக்கே பல மாநிலங்களுக்கு அனுப்பியது. அந்த மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று நெல்லை மாவட்டம் டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்ற பள்ளி நடக்கிறது. அனுப்புகிற நாடு மாறிவிட்டது, போகிற நாடு மாறிவிட்டது. ஆனால் பிள்ளை போவது மட்டும் ஹாஸ்டலுக்குத்தான்.

நம்மில் பாதிப் பேர் இதைப் படித்துவிட்டு 'பாவம்' என்று சொல்லிப் போய்விட முடியாது. துபாயில் அப்பா, ஊரில் பிள்ளை. ரெண்டு பேருக்கும் ஆன்சைட், குழந்தை பாட்டி வீட்டில். ராணுவத்தில் இருக்கிறவர், கப்பலில் இருக்கிறவர். மிஷனரி கடவுளுக்காக என்பார், நாம் பிள்ளையின் எதிர்காலத்துக்காக என்போம். ரெண்டு பதிலும் உண்மையாகவே இருக்கலாம். ரெண்டிலும் கணக்குப் போட்டது பெரியவர்கள், கட்டியது பிள்ளைகள்.

ஆஸ்பத்திரி வந்தது, அகராதி வந்தது, மலையூர் வந்தது. இவ்வளவு வந்ததே என்பதால் சார்லஸின் கணக்கு நேராகிவிடாது. அதே நேரம், அவன் அப்பாவைக் கல்மனசுக்காரர் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வின்ஸ்லோ அகராதியில் 'பிரிவு' என்ற சொல்லைத் தாண்டாமல் அவர் ப வரிசையை முடித்திருக்க முடியாது. அந்தப் பக்கத்தைத் திருத்தின அன்றைக்கு மனுஷர் என்ன நினைத்திருப்பார்?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி வளர்ந்த பிள்ளைகள் யாராவது இருந்தால், அவங்க என்ன சொல்றாங்கன்னு எழுதுங்க மக்களே. பெற்றவர்கள் எழுதின புத்தகங்கள் நிறைய இருக்கு. பிள்ளைகள் சொன்னதுதான் கம்மி.